இராயப்பர் காலடியில் இரண்டு எழுத்து

சிட்னி விமான நிலையத்தில் என்னைத் தனியாக ஓரங்கட்டியது ஊறுகாய்க்காக அல்ல. மனைவி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, நார்த்தங்காய் எல்லாம் மரியாதையாகத் தாண்டிவிட்டன. மாட்டிக்கொண்டது என் சட்டைப்பை அளவுக்கு இருந்த ஒரு கறுப்புக் கல்.

"இது என்ன? மண்ணிலிருந்து எடுத்ததா?" என்று கேட்டார் அதிகாரி. சிவந்த முகம், நல்ல உயரம்.

"உரைகல். தங்கத்தை இதில் தேய்த்தால் எத்தனை காரட் என்று சொல்லிவிடுவேன்" என்றேன். அவர் நம்பாதது போலப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் ஒரு வங்கியில் முப்பத்தொரு வருடம் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். "உங்கள் மோதிரத்தைக் கொடுங்கள், இப்போதே காட்டுகிறேன்" என்று கையை நீட்டினேன். அவர் தன் கையைப் படக்கென்று கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா, என் மனைவி கொன்றுவிடுவாள்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்லில் விழும் ஒரு கீற்றுக்குப் போய் இந்தப் பயமா என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மகள் கவிதா சிட்னியின் கிரவீன் பகுதியில் இருக்கிறாள். காரில் ஏறியதுமே திட்டு. "ஏம்ப்பா, ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கல்ல எதுக்குத் தூக்கிட்டு அலையுறீங்க?"

எதற்கு? பெருமைதான், வேறென்ன. வழுக்கை விழுந்தவன் சட்டைப்பையில் சீப்பு வைத்திருக்கிறானே, அந்த மாதிரி.

ஆனால் மறுநாளே அவள் குரல் மாறிவிட்டது. பக்கத்தில் உள்ள பெண்டில் ஹில்லில் ஒரு கடையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம்மூர் கொத்து பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சால்னா கேட்டால் விழிக்கிறார்கள். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, மெல்பர்ன்ல ஜெசிந்தா அன்ரி இருக்காங்கல்ல? நான் படிக்கும்போது ரெண்டு வருஷம் அவங்க வீட்லதான இருந்தேன். அவங்களுக்கு ஒரு பழைய தங்கக் காசு பாக்கணுமாம். எங்கப்பா கண்ணால பாத்தே சொல்லிடுவார்னு பெருமையா சொல்லிட்டேன்."

என் பெண் அந்நிய ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பெண்மணி. போகாமல் இருக்க முடியுமா? அதோடு, உண்மையைச் சொன்னால், அந்தக் 'கண்ணால பாத்தே' என்ற வார்த்தை எனக்கு இனித்தது.

மெல்பர்ன் போய் இறங்கிய முதல் காலையே அசடு வழிந்தேன். ரயில் நிலைய வாசலில் சிட்னியில் வாங்கிய ரயில் கார்டை எடுத்து ஒற்றினேன். கதவு அசையவில்லை. திருப்பி ஒற்றினேன், துடைத்து ஒற்றினேன். பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. "அது வேற ஊர் கார்டு அங்கிள்" என்று ஒரு பெண் தமிழில் சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். ஒரே நாடு, ஒரே பிரதமர், கார்டு மட்டும் ஊருக்கு ஒன்று. நம்மூரில் பரவாயில்லை, கண்டக்டரிடம் சில்லறை கொடுத்தால் எந்த ஊர் பஸ்ஸிலும் ஏற்றிக்கொள்வார்.

தங்கியது மல்கிரேவில், என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் வீட்டில். அங்கிருந்து பஸ் பிடித்து, ஜெசிந்தா இருக்கும் டண்டினொங் போனேன். இறங்கிய இடத்தில் ஆப்கானி ரொட்டி மணம், அடுத்த கடையில் நம்மூர் மல்லிகைச் சரம், அதற்கு அடுத்ததில் ஆட்டுத்தொடை தொங்கிக்கொண்டிருந்தது. மதுரை கீழமாசி வீதியைக் கழுவித் துடைத்து வைத்தது போல இருந்ததால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஜெசிந்தா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல வருடங்கள் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்த்தவர்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. கதிரையில இருங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ, காசு எங்கயும் ஓடாது."

குசினியிலிருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வந்தன. மதுரைக்காரனுக்கு உறைப்பு ஒன்றும் புதிதல்ல என்று வீறாப்பாக ஆரம்பித்து, இரண்டாம் வாயில் தண்ணீர் கேட்டேன். அவர் சிரிக்காமல் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனசு.

சாப்பிட்ட பிறகுதான் விஷயம். காசு ஜெசிந்தாவுடையது அல்ல. அவர் நான்கு வருடம் கவனித்துக்கொண்ட ஹெல்கா என்ற ஜெர்மன் மூதாட்டியுடையது. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கண்ணின் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் நிழல் மட்டும் தெரியும். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வேலை முடிந்துபோன பிறகும் ஜெசிந்தா வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

"அவவின்ர மனுசன் வில்லி கலியாணத்துக்கு மோதிரம் போடேல்ல அண்ணை. இந்தக் காசைத்தான் கையில குடுத்தவராம். பழைய காலத்தில ஒரு பிஷப் அடிச்ச தங்கக் காசு, எங்கட குடும்பத்தில தலைமுறை தலைமுறையா இருக்குது எண்டு சொன்னவராம். கோட்டின்ர மடிப்புக்குள்ள வைச்சுத் தைச்சுக்கொண்டு கப்பலேறி வந்தவராம். அவவின்ர தங்கச்சி, இது திருவிழாக் கடையில வித்த சாமான், உன்னை ஏமாத்திப்போட்டான் எண்டு சிரிச்சவவாம். அதோட ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. தங்கச்சியும் செத்துட்டா, மனுசனும் செத்துட்டார். விக்கிறதுக்கில்லை அண்ணை. அவர் தனக்குப் பொய் சொன்னவரோ இல்லையோ எண்டு தெரிஞ்சாப் போதுமாம். அதுக்குப் பிறகு சாகலாமாம்."

பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். விரல் நுனியில் எடுத்தேன். காகிதம் போல மெல்லியது. வட்டம்கூடச் சரியான வட்டம் இல்லை, கையால் சுத்தியல் வைத்து அடித்தது. ஒரு பக்கம் கேடயங்கள். மறுபக்கம் அங்கி போட்ட ஒருவர் நிற்கிறார். சுற்றிலும் விளிம்பு ஓரமாக எழுத்துகள்.

"இது எங்கட இராயப்பர். கையில திறப்பு வைச்சிருக்கிறார், பாருங்கோ" என்றார் ஜெசிந்தா. பேதுருவைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கையில் நிஜமாகவே ஒரு குட்டிச் சாவி இருந்தது.

கவிதாவுக்கு அனுப்ப இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை நிற்கவில்லை. கல்லை எடுத்து மேசையில் வைத்தேன்.

மதிப்பீட்டாளர் கைக்குத் தங்கம் வந்தால் முதல் காரியம் உரைப்பது. வளையலின் உட்பக்கம், சங்கிலியின் கொக்கி, தோட்டின் திருகாணி என்று எங்கேயாவது ஒரு இழுப்பு. யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒருமுறை முலாம் பூசிய வளையல்களைத் தங்கம் என்று கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மேல்தோல் போகிற வரைக்கும் அழுத்தித் தேய்ப்பது என் வழக்கம்.

காசைச் சாய்த்துப் பிடித்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தேன். கீற்று வெளிறியிருந்தது. இன்னொரு இழுப்பு, அழுத்தி. அதே வெளிறல். மூன்றாவது இழுப்பு. பக்கத்தில் என் மோதிரத்தைத் தேய்த்தேன். இருபத்திரண்டு காரட், செக்கச் சிவந்த மஞ்சள். கீற்றின் மேல் விட்டுச் சோதிக்கும் திராவகத்தை விமானத்தில் கொண்டுவர முடியாது, ஆனால் எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

"பத்தொன்பது காரட்தாம்மா வரும். வெள்ளி நிறையக் கலந்திருக்கு. இது பிஷப் அடிச்ச காசு இல்ல" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"எங்க ஊர்ல கோயில்ல விக்கிற டாலரே சுத்தத் தங்கமாத்தான் இருக்கும். சாமி படம் போட்டு, சாமி பேர்ல ஒருத்தன் காசு அடிக்கிறான். அதுல போய் கலப்படம் பண்ணுவானா? எந்த மதமா இருந்தாலும் பயம்னு ஒண்ணு இருக்குல்ல. இது பின்னாடி எவனோ பாத்துச் செஞ்ச டூப்ளிகேட்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஜெசிந்தா காசை வாங்கி, முந்தானையால் துடைப்பதுபோலத் துடைத்து, பஞ்சில் வைத்து மூடினார். நான், உரைத்து முடித்ததும் கல்லையும் காசையும் பக்கத்தில் வைத்து எடுத்திருந்த இன்னொரு படத்தை 'டூப்ளிகேட்' என்று எழுதிக் கவிதாவுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது கோப்பைத் தேநீரும் குடித்தேன்.

மறுநாள் ஊர் சுற்றிப் பார்க்க நகருக்குப் போனேன். டிராமில் இலவசமாகப் போகலாம் என்றதும் இரண்டு முறை முன்னும் பின்னும் போய்வந்தேன். காபி ஒன்று வாங்கினேன். மேலே பால் நுரையில் இலை போட்டுத் தந்தார்கள், கீழே சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். ஒரு பழைய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் நாணயக் கடை இருந்தது. எனக்கும் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் கொஞ்சம் உண்டு. சோழர் காசு ஒன்றிரண்டும் மதுரை சுல்தான்களின் செப்புக் காசுகளும் வைத்திருக்கிறேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இராயப்பர் நின்றுகொண்டிருந்தார்.

அதே அங்கி, அதே சாவி, அதே கோணல் வட்டம். அதே வெளிறிய மஞ்சள்.

கடைக்காரர் என் வயதுக்காரர். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். "இது எத்தனை காரட்?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது, அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே" என்றார். "ரைன் நதிக்கரைப் பேராயர்கள் அடித்தது. முதலில் கிட்டத்தட்ட சுத்தமாகத்தான் அடித்தார்கள். அப்புறம் எல்லோரும் கூடிப் பேசி, ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புனிதரின் முகத்தை மட்டும் குறைக்கவில்லை." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

சாமி பேர்ல கலப்படம் பண்ணுவானா என்று கேட்டேனே, பண்ணியிருக்கிறான். கையெழுத்துப் போட்டுப் பண்ணியிருக்கிறான். அந்த வெளிறல்தான் அந்தக் காசுக்கு அடையாளமே. நான் அதைப் பார்த்துத்தான் போலி என்றேன்.

கைபேசியை எடுத்து, தேய்ப்பதற்கு முன் எடுத்த இராயப்பர் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "ஆகா. படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நல்ல காசு போலத்தான் தெரிகிறது. விளிம்பு எழுத்து ஒன்றுகூடச் சேதம் இல்லை. இது அபூர்வம். நான் வைத்திருப்பதைவிட அழகு" என்றவர், நான் தடுப்பதற்குள் விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

கல்லும் காசும் பக்கத்தில் இருக்கும் படம். இராயப்பர் காலடியில் விளிம்பு சப்பையாகி மின்னியது. இரண்டு எழுத்தைக் காணவில்லை. நான் அப்போதுதான் அதை எழுத்தாகப் பார்த்தேன்.

"கடவுளே. யார் இதைச் செய்தது?"

"யாரோ ஒரு முட்டாள்" என்றேன்.

"நகைக்கடைக்காரனாக இருக்கும். எப்போதும் அவர்கள்தான். ஐந்நூறு வருடத்துக்கும் மேலே யார் யாரோ கையில் தப்பித்து வந்திருக்கும். ஒரு மேதாவி கையில் அரை நிமிடம் போதும்."

"ஆமாம், மோசமான ஆட்கள்" என்றேன். தலையைக்கூட ஆட்டினேன். என் சட்டைப்பையில் கல் கனத்தது.

மேலே ஏறி வந்து ஜெசிந்தாவுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. ஹெல்காவிடம் போய்ச் சொல்லிவிடுவதற்கு முன்னால் அவரைப் பிடிக்க வேண்டும். ஓடிப்போய் ரயிலில் ஏறி உட்கார்ந்து, அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் வண்டி கிளென் வேவர்லியில் நிற்கிறது. அதற்குமேல் தண்டவாளமே இல்லை. நண்பர் மகன் முதல் நாள் காட்டித் தந்த ரயிலில் பழக்கதோஷத்தில் ஏறியிருக்கிறேன். அங்கிருந்து டண்டினொங்குக்கு ஒரு பஸ். அது ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் ஒவ்வொரு தெருவையும் நலம் விசாரித்துக்கொண்டு போனது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவல் தின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கை முட்டியால் என் முழங்காலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெசிந்தா கதவைத் திறந்ததும் கேட்டேன். "சொல்லிட்டீங்களா?"

"ஓம் அண்ணை, இண்டைக்குக் காலமை போய்ச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவிக்காதேங்கோ. உண்மையான காசெண்டு சொல்லிப்போட்டன். அந்த முகத்தைப் பாத்து எனக்கு மற்றதைச் சொல்ல வாய் வரேல்ல. பொய்தான். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில சொல்லுவம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"நீங்க பொய் சொல்லலம்மா" என்றேன். "பொய் சொன்னது நான். அந்தக் காசு நிஜம். ஃபாதர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

கடையில் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து அழுதார். அழுகை முடிந்ததும் சந்தோஷமாகச் சொன்னார். "அண்ணை, காசை நான் இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல. சோதிச்ச ஐயா தன்ர கையால தரவேணுமாம். உங்களுக்கு நன்றி சொல்லவேணுமாம். நாளைக்கு வெளிக்கிடுங்கோ."

நன்றியாம்! அன்று அவர் வைத்த இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டே இருந்தேன். விளிம்பு போன கதையைச் சொல்ல வாய் வரை வந்தது. "அந்தத் தேய்ச்ச இடம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். "அதுக்கென்ன, கண் தெரியாத மனுசி" என்றார் அவர். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

முதியோர் இல்லம் சுத்தமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஹெல்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் நீலக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தலை வாரி, உதட்டுச்சாயம் பூசியிருந்தார். எனக்காக என்று ஜெசிந்தா காதில் சொன்னார். மேசையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

"இந்தியாவிலிருந்து என் காசைப் பார்க்கவே வந்தீர்களா?" என்று கேட்டார். ஆங்கிலத்தைக் கடித்துக் கடித்துப் பேசினார், எனக்கு எளிதாகப் புரிந்தது.

டப்பாவைத் திறந்து காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகம் விளிம்பில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக எண்ணுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரல் இராயப்பர் காலடிக்கு வந்து நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது.

"இங்கே இரண்டு எழுத்து இருந்தது" என்றார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். பழைய காசு, தேய்மானம், என்னவாவது சொல்லியிருக்கலாம். நேற்று கடையில் சொன்ன வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது.

"நான்தான் அம்மா" என்றேன். "நான் தேய்த்தேன். மூன்று முறை. தேய்த்துவிட்டுப் போலி என்றும் சொன்னேன். இவர் அதை உங்களிடம் சொல்லாமல் விட்டார். அதன் பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் போலி என்று நினைத்தீர்கள்?"

"சுத்தத் தங்கமாக இல்லை. தேவாலயக் காசு சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்."

"வில்லி சுத்தத் தங்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். "பிஷப்பின் காசு என்றுதான் சொன்னார். சொன்னது அவ்வளவுதான்."

பிறகு விரலை மறுபடி அந்தச் சப்பை இடத்தில் வைத்தார். "இங்கே இருந்தது இப்போது எங்கே இருக்கிறது?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்தேன். வழக்கமாக எண்ணெய் தொட்டுக் கீற்றைத் துடைத்துவிடுவேன். இந்தமுறை துடைக்கவில்லை, அவசரத்தில் மறந்துபோனதுதான். அவர் கையில் வைத்து, விரலைப் பிடித்து வழிகாட்டினேன்.

"இது என் மோதிரம். இந்த மூன்று கீற்றும் உங்களுடையது."

அவர் விரல் நுனியால் தொடவில்லை. தேய்ந்துவிடும் என்று பயந்தது போல மேலாகவே வைத்திருந்தார். கல்லைக் காசோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். கல்லைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, "பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எடுத்துக்கொண்டேன். இஞ்சி பிஸ்கட்.

மதுரைக்கு வந்து பத்து நாளாகிறது. நேற்று மாடி வீட்டுக்காரர் தன் பேத்தியின் சங்கிலியைக் கொண்டுவந்து, சார், கொஞ்சம் உரைச்சுப் பாருங்களேன் என்றார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"கல்லு எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆஸ்திரேலியாவுல."

"மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல."

காசு அசல் என்பதை மட்டும் ஜெசிந்தாவிடம் கேட்டுக்கொண்ட கவிதா, குடும்ப வாட்சப்பில் என் படத்தைப் போட்டு, பிஷப் காசு அசல்தான் என்று அப்பா கண்டுபிடித்துச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாள். முப்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். சம்பந்தி ஒரு மாலை போட்டிருக்கிறார். அதைப் பார்த்த அன்றைக்கு நானும் பதிலுக்குக் கும்பிடு போட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கவிதா, அந்தப் படத்தை எடுத்துவிடு. அந்தக் கடையில் நான் சொன்ன 'யாரோ ஒரு முட்டாள்' உன் அப்பாதான்.